முதல் டிஜிட்டல் கேமரா வாங்கப் போறீங்களா? புதுச்சேரி வெயிலையும் உப்புக் காற்றையும் முதல்ல கணக்குல எடுங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பின்னால் சூரியன் எழும்பும் நேரம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், சுற்றுலாப் பயணிகள் என எல்லோர் கையிலும் செல்போன்தான். ஆனால், அந்தக் கூட்டத்துக்கு நடுவே மணிக்கட்டில் சின்ன சில்வர் நிற கேமராவைத் தொங்கவிட்டபடி வரும் கல்லூரி மாணவர்களும் இப்போது கண்ணில் படுகிறார்கள். பீரோவில் பத்துப் பதினைந்து வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் பழைய கேமரா சிலர் கையில். ஆன்லைனில் பார்த்து வாங்கியது சிலர் கையில்.

செல்போன் வந்து கேமராவை ஒழித்துவிட்டது என்று பேசி ஓய்ந்த பிறகு வந்திருக்கும் ஆசை இது. ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிபா வெளியிடும் கணக்குப்படி, 2010-ல் உலகம் முழுவதும் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே போனது. அடுத்த ஆண்டே மெல்ல ஏறத் தொடங்கிவிட்டது.

சரி, முதல்முறை கேமரா வாங்கும் ஒருவருக்கு எது ஈஸி? கடையில் கேட்டால் மெகாபிக்சல் சொல்வார்கள். சொந்தக்காரரைக் கேட்டால் அவர் வாங்கிய மாடலைச் சொல்வார். இரண்டையும் நம்பி 50 ஆயிரம், 60 ஆயிரம் கொடுத்து வாங்கிவிட்டு, மூன்று மாதத்தில் மீண்டும் செல்போனிலேயே படம் எடுப்பவர்கள்தான் அதிகம். பணம் போனது மட்டும் இல்லை, 'நமக்கு இதெல்லாம் வராது' என்ற எண்ணமும் வந்துவிடுகிறது.

போனால் முடியாதது எது?

கேமரா வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் நிற்கும் ஆளையோ தெருவையோ சாப்பாட்டையோ எடுப்பதற்கு நல்ல செல்போனே போதும். இன்றைய போன்கள் ஒரே நொடியில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, வெளிச்சத்தையும் நிழலையும் தாங்களே சரிசெய்துவிடுகின்றன. 10 ஆயிரம் ரூபாய் காம்பேக்ட் கேமரா அதைச் செய்யாது. அந்த விஷயத்தில் போன்தான் ஜெயிக்கும்.

போன் திணறும் இடங்கள் வேறு. ஊசுடு ஏரிக்கரையில் நின்று தண்ணீருக்கு நடுவே இருக்கும் பறவையை எடுக்கப் பார்த்தால், திரையில் ஒரு கறுப்புப் புள்ளிதான் வரும். வில்லியனூர் தேரோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தேரில் இருக்கும் சுவாமியை எடுத்தால், சூம் செய்யச் செய்ய படம் மாவு பிசைந்தது போல ஆகிவிடும். கம்பன் கலையரங்க மேடையில் மகள் ஆடும்போது எடுத்தால், கை இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். தூரம், மங்கலான வெளிச்சத்தில் அசைவு. இந்த இரண்டும் பெரும்பாலான போன்களுக்கு இன்றும் கஷ்டம்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை ஸ்பெக் ஷீட்டில் போட மாட்டார்கள். கேமராவுக்கு போன் கால் வராது, வாட்ஸ்அப் வராது. படம் எடுக்க மட்டுமே கையில் எடுக்கும் ஒரு பொருள். பழைய டிஜிகேமைத் தேடி அலையும் இளைஞர்களில் பலருக்கு வேண்டியது அதுதான். அதற்கு அரை லட்ச ரூபாய் தேவையே இல்லை.

ஆக, பறவையா, மேடையா, சும்மா ஊர் சுற்றவா என்பது தெரியாமல் கடைப் படி ஏறினால், கடைக்காரர் அன்றைக்கு எதை விற்க நினைக்கிறாரோ அதுதான் வீட்டுக்கு வரும்.

மெகாபிக்சல்: பெரிய எண், சின்ன விஷயம்

ஒரு சின்னக் கணக்கு. ஸ்டூடியோவில் போடும் சாதாரண 4க்கு 6 அங்குல பிரிண்ட்டுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், 1,200 பெருக்கல் 1,800 புள்ளிகள் வேண்டும். அதாவது 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே. ஏ4 அளவில் பிரேம் போட்டு மாட்டவே 9 மெகாபிக்சல் போதும். 4கே டிவியின் முழுத் திரையும் சுமார் 8 மெகாபிக்சல்தான். (1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது வெறும் 0.01 மெகாபிக்சல். ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 நொடி ஆனது!)

அப்போ எதைப் பார்க்கணும்? சென்சாரின் அளவை. லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் விழும் சின்ன சில்லுதான் சென்சார். மழைத் தண்ணீர் பிடிக்க டம்ளர் வைப்பதற்கும் அண்டா வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் இருக்கிறது. சாதாரண பாக்கெட் கேமராவின் சென்சார் சுமார் 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம். இது நகத்தின் அளவுகூட இல்லை. மிரர்லெஸ், டிஎஸ்எல்ஆர் வகைகளில் ஆரம்ப மாடல்களில் வரும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 22 முதல் 23.5 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரம். பரப்பளவில் பத்து மடங்குக்கும் மேல். மாலை 6 மணிக்குப் பிறகு இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் கேள்விப்படாத பெயர்களில், '48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு சூம்' என்று சில ஆயிரம் ரூபாய்க்கு கேமராக்கள் விற்கப்படுகின்றன. இவற்றில் பலவற்றில் சென்சார் எடுப்பது மிகக் குறைந்த புள்ளிகளைத்தான். மீதியை மென்பொருள் ஊதிப் பெரிதாக்குகிறது. '16 மடங்கு சூம்' என்பதும் டிஜிட்டல் சூம், அதாவது எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. பெட்டியில் 'ஆப்டிகல் சூம்' என்ற வார்த்தை இல்லை என்றால் லென்ஸ் நகரவே நகராது என்று எடுத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு விளையாட வாங்கினால் தப்பில்லை. நல்ல படம் வரும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

'இவ்வளவு பெரிய கேமராவுல சூமே இல்லையா?'

மிரர்லெஸ் வாங்கிய பலர் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி இது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, கேனான் ஆர்50 மாடலோடு வரும் கிட் லென்ஸ் 18-45 மி.மீ. சூம் வெறும் 2.5 மடங்குதான். சட்டைப் பையில் போடும் கோடாக் பிக்ஸ்புரோ எஃப்இசட்55 காம்பேக்ட்டிலோ 5 மடங்கு ஆப்டிகல் சூம். விலை பல மடங்கு அதிகம் கொடுத்தவருக்கு சூம் பாதி!

இங்கேதான் 'எத்தனை மடங்கு' என்பதை விட்டுவிட்டு மி.மீ. கணக்குக்கு வரவேண்டும். 28 மி.மீ. என்றால் ஒரு தெருவே படத்துக்குள் வரும். 50 மி.மீ. ஏறத்தாழ கண் பார்க்கும் பார்வை. 200-ல் மேடையில் நிற்கும் ஒருவரின் முகம் வரை போகலாம். ஏரிப் பறவை என்றால் 600-க்கு மேல் இருந்தால்தான் வேலைக்கு ஆகும். அந்த 5 மடங்கு காம்பேக்ட் 28-ல் தொடங்கி 140-ல் நின்றுவிடுகிறது. பறவைக்கு அதுவும் பத்தாது.

பறவைதான் ஆசை, லென்ஸ் மாற்றும் வேலையும் வேண்டாம் என்பவர்களுக்கு 'பிரிட்ஜ்' கேமரா என்று ஒரு வகை உண்டு. பார்க்க டிஎஸ்எல்ஆர் மாதிரி இருக்கும், லென்ஸைக் கழற்ற முடியாது. நிக்கான் 2018-ல் கொண்டுவந்த கூல்பிக்ஸ் பி1000-ன் சூம் 125 மடங்கு, 3,000 மி.மீ. வரை போகும். நிலாவின் பள்ளங்களைக்கூட எடுக்கலாம். ஆனால் உள்ளே இருப்பது அதே நகத்தளவு சென்சார். காலை 8 மணி வெயிலில் பறவை அழகாக வரும். மாலை மங்கியதும் புள்ளி புள்ளியாகிவிடும். எடையும் 1.4 கிலோ. பணி ஓய்வு பெற்றபின் பறவை பார்க்கப் போகும் ஒருவர் கழுத்தில் இதை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடக்க முடியுமா என்பதை, கடையிலேயே மாட்டிப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

மேடை நிகழ்ச்சிக்கு எதிர்மாறான தேவை. அங்கே சூமைவிட வெளிச்சத்தை வாங்கும் திறன் முக்கியம். லென்ஸின் மேல் 1.8, 3.5, 6.3 என்று எண்கள் எழுதியிருக்கும். எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே போகும். கிட் லென்ஸை முழுசாக சூம் செய்தால் 6.3 வரை போய்விடும். தனியாகக் கிடைக்கும் 50 மி.மீ. 1.8 லென்ஸ் அதைவிட சுமார் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். நாட்டியமாடும் பிள்ளையின் கை கோடாகத் தெரிவதற்கும் விரல் விரலாகத் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கேமராவில் 10 ஆயிரம் மிச்சம் பிடித்து இந்த லென்ஸில் போடுவது புத்திசாலித்தனம். ஆனால் அதில் சூம் கிடையாது, காலால் நடந்துதான் நெருங்க வேண்டும்.

சூம் இல்லாமல் என்ன எடுத்துவிட முடியும் என்று தோன்றலாம். பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர்-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து, பல ஆண்டுகளாகப் படம் எடுக்க அனுமதிக்காமல் இருந்த ஸ்ரீ அரவிந்தரை ஆசிரமத்தில் படம் எடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 5-ல் அரவிந்தர் மறைந்தார். கார்ட்டியர்-பிரெஸ்ஸோனுக்குப் பிடித்தது கையடக்க லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸும்தான்.

கடற்கரை வெயிலில் திரை தெரியுமா?

ஆரம்ப மாடல்களில் விலையைக் குறைக்க நிறுவனங்கள் எதையாவது எடுத்துவிடும். எதை எடுத்திருக்கிறார்கள் என்பதுதான் 'ஈஸி'யா, இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

2022-ல் வந்த நிக்கான் இசட்30-ல் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லை. வீட்டுக்குள் வீடியோ எடுப்பவருக்கு அது ஒரு குறையே அல்ல. ஆனால் காலை 10 மணிக்குக் கடற்கரைச் சாலையில் நின்றால், வெயில் கண்ணாடி மாதிரி அடித்து, பின்பக்கத் திரையில் தன் முகம்தான் தெரியும். வெளியில் அதிகம் எடுப்பவருக்கு வியூஃபைண்டர் அவசியம். 2023-ல் வந்த கேனான் ஆர்100-ல் வியூஃபைண்டர் உண்டு, ஆனால் திரை டச் ஸ்கிரீன் இல்லை, திரும்பவும் செய்யாது. செல்போனில் பழகிய விரல், எங்கே ஃபோகஸ் வேண்டுமோ அங்கே தொடத்தான் பார்க்கும். தொட்டால் ஒன்றும் நடக்காது என்றால் முதல் நாளே எரிச்சல். அதே ஆண்டு வந்த ஆர்50-ல் இரண்டும் இருக்கிறது. பேட்டரி, கார்டு சேர்த்தே 375 கிராம்தான். விலை அதற்கேற்ப கூடுதல். புது மிரர்லெஸ் கிட் என்றால் பொதுவாக அரை லட்சம் ரூபாயை ஒட்டியே ஆரம்பிக்கிறது.

அவ்வளவு முடியாது என்பவருக்குப் பழைய டிஎஸ்எல்ஆர் இன்னமும் நல்ல வழி. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் இவை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. நிக்கான் டி3500-ல் 'கைடு மோட்' என்று ஒன்று உண்டு. 'பின்னணியை மங்கலாக்கணுமா, அசைவை நிறுத்தணுமா' என்று கேமராவே கேட்டு, தேவையான செட்டிங்கை வைத்துக் கொடுக்கும். புதிதாகக் கற்பவருக்கு ஒரு வாத்தியார் கூடவே வருவது போல. ஒரு சார்ஜில் 1,550 படம் எடுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. மிரர்லெஸ்ஸில் அது சில நூறுகளில் முடிந்துவிடும், கூடுதல் பேட்டரி ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டும். டிஎஸ்எல்ஆரின் குறை, உருவம். பெரிதாக இருப்பதாலேயே வீட்டிலிருந்து வெளியே வராது.

வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்கு, வியூஃபைண்டர் பக்கத்தில் பார்வையைச் சரிசெய்யும் சின்னத் திருகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெனு எந்த மொழியில் வரும் என்பதும் முக்கியம். நிக்கானின் சில மாடல்களில் தமிழ் மெனுவே இருக்கிறது.

வெள்ளைச் சுவர் ஏன் சாம்பல் ஆகுது?

புதுச்சேரியில் கேமரா வாங்கிய எவரும் முதலில் போய் நிற்பது ஒயிட் டவுன் தெருக்களில்தான். மஞ்சள் சுவர், வெள்ளை பார்டர், மேலே காகிதப்பூ. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவர் அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கும். 'கேமரா சரியில்லை' என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

கேமராவில் கோளாறு இல்லை. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அளவெடுப்பதுதான் கேமராவின் பழக்கம். படம் முழுக்க வெள்ளைச் சுவர் இருந்தால், 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று தானாகவே குறைத்துவிடும். சூரிய உதயத்தில் கடலுக்கு முன் ஆளை நிறுத்தி எடுத்தால் முகம் கரியாக வருவதற்கும் இதுவே காரணம். செல்போன் முகத்தை அடையாளம் கண்டு சமாளித்துவிடுகிறது. சாதாரண கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வதும் சுலபம். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பட்டனோ வளையமோ இருக்கும். வெள்ளைச் சுவருக்குக் கூட்டலில் 1 வைத்தால் சுவர் வெள்ளையாகிவிடும். மணக்குள விநாயகர் கோயில் தெருவில் இரவு விளக்கு வெளிச்சத்தை எடுக்கும்போது கழித்தலில் வைத்தால், விளக்கு வெறும் வெள்ளைத் திட்டாகாமல் வரும். புதிதாக வாங்குபவர் முதல் மாதத்தில் ஷட்டர், ஐஎஸ்ஓ எதையும் தொட வேண்டாம். ஆட்டோவிலிருந்து 'பி' மோடுக்கு மாற்றி, இந்த ஒரு பட்டனை மட்டும் கற்றுக்கொண்டாலே படம் பாதி மாறிவிடும். அந்தப் பட்டன் விரலுக்கு உடனே எட்டுகிறதா, மெனுவுக்குள் நாலு படி இறங்கித்தான் போகணுமா என்பதே ஒரு கேமரா ஈஸியா, கஷ்டமா என்பதற்கான நல்ல பரீட்சை.

பிரான்ஸ் சொந்தக்காரர் கொண்டுவரும் கேமரா

புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு பிரான்ஸில் சொந்தம் உண்டு. 'லீவுக்கு வரும்போது வாங்கிட்டு வரேன்' என்று மாமாவோ சித்தியோ சொல்லிவிட்டால் அதோடு கேமரா தேடல் முடிந்துவிடும். வேண்டாம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பிரான்ஸிலும் இங்கேயும் மின்சாரம் ஒரே மாதிரி, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சார்ஜருக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த வாரன்டி இங்குள்ள சர்வீஸ் சென்டரில் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். பில்லையும் பெட்டியையும் தூக்கிப்போடாமல் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.

வீடியோ எடுப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. ஐரோப்பாவில் 30 நிமிடமும் அதற்கு மேலும் பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டதால், பழைய மாடல்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். அரங்கேற்றத்தில் பாதியில் நின்றுபோன வீடியோவுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த கேமரா என்றால் டியூப்லைட்டில் வீடியோ மினுமினுக்கும். மெனுவில் என்டிஎஸ்சி என்று இருப்பதை பிஏஎல் என்று மாற்றி, ஷட்டரை 50-ல் ஒரு பங்கு நொடி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜப்பான் உள்ளூர் மாடல்கள் சிலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். அதற்கு மருந்து இல்லை.

'பாண்டியில வாங்கினா விலை கம்மி' என்று தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் இன்னமும் சொல்வதுண்டு. ஜிஎஸ்டிக்கு முன் மாநில வரி வேறுபட்ட காலத்துப் பேச்சு அது. 2017 ஜூலை 1-க்குப் பிறகு வரி எல்லா ஊரிலும் ஒன்றுதான். டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதம் ஆனது. மதுவும் பெட்ரோலும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால்தான் அவற்றின் விலை மட்டும் எல்லை தாண்டினால் மாறுகிறது. கேமராவை பில் இல்லாமல் 'ரேட் குறைச்சு' தருகிறேன் என்று யாராவது சொன்னால், குறைவது விலை மட்டுமல்ல, வாரன்டியும்தான்.

பழசு வாங்குறவங்க கவனத்துக்கு

மகாத்மா காந்தி வீதியில் நடக்கும் சண்டே மார்க்கெட்டில் துணிமணி முதல் பழைய சாமான் வரை பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே என்றில்லை, ஆன்லைனிலோ தெரிந்தவரிடமோ பழைய டிஜிகேம் கிடைத்தாலும் ஆசைப்பட்டு உடனே பணத்தை நீட்டக் கூடாது. இந்தக் கேமராக்களில் பெரும் சிக்கல் கேமராவே அல்ல, மெமரி கார்டுதான். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மாடல்களில் 2 ஜிபி வரையுள்ள பழைய எஸ்டி கார்டு மட்டுமே வேலை செய்யும். இன்று கடையில் கிடைக்கும் 32 ஜிபி, 64 ஜிபி கார்டைப் போட்டால் 'கார்டு எரர்' என்று வரும். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் மாடல்கள் பலவற்றுக்கு எக்ஸ்டி கார்டு, சோனிக்கு மெமரி ஸ்டிக். இவை இரண்டும் இன்று கடைகளில் தேடினாலும் கிடைப்பது அரிது. 3 ஆயிரத்துக்கு கேமராவை வாங்கிவிட்டு கார்டுக்கு அலைந்த கதைகள் ஏராளம்.

அதோடு சார்ஜர் இருக்கிறதா, பேட்டரி உப்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஏஏ பேட்டரி போடும் மாடல் என்றால் அந்தத் தொல்லை இல்லை. லென்ஸுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தால், சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேமராவைத் தொடாமல் வந்துவிடலாம். சூமை ஐந்தாறு முறை உள்ளே வெளியே ஓட்டும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டாலும் அப்படித்தான். கடற்கரை ஊரில் அந்தச் சத்தம் சகஜம்.

பூஞ்சை, புதிதாக வாங்கியவருக்கும் வரும். ஈரப்பதம் நிறைந்த ஊரில் கேமராவை தோல் பையில் போட்டு இருட்டான பீரோவில் வைத்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்திலேயே லென்ஸில் முளைத்துவிடும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். ஜெல் நிறம் மாறினால் புதிது போட வேண்டும். மாதம் ஒருமுறையாவது வெளியில் எடுத்து நாலு படம் எடுப்பது அதைவிட நல்லது. பாரடைஸ் பீச் போய் வந்தால் லேசாக ஈரமாக்கிய துணியால் உடம்பைத் துடைத்து உப்பை எடுத்துவிட வேண்டும். கடற்கரையில் நின்று லென்ஸை மாற்றவே கூடாது.

எடுத்த படம் எங்கே போகும்?

வாங்கும்போது யாரும் யோசிக்காத கேள்வி. 1955 முதல் புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், தமிழகக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவு செய்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான படங்கள் பாதுகாக்கப்படுகின்றன. தமிழ்நாட்டின் பழைய போட்டோ ஸ்டூடியோக்களில் அழிந்துகொண்டிருந்த நெகட்டிவ்களையும் படங்களையும் தேடிப்பிடித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆக்கும் பணியும் அங்கே நடந்திருக்கிறது. கண்ணாடித் தகட்டில் எடுத்த படம் நூறு வருடம் கழித்தும் கையில் கிடைக்கிறது. 2008-ல் எடுத்த கல்யாண படம், பழுதான ஹார்ட் டிஸ்கோடு போய்விட்ட வீடுகள் எத்தனையோ.

எனவே வைஃபை அல்லது புளூடூத் வழியே போனுக்குப் படம் அனுப்பும் வசதி இருக்கிறதா என்பதையும், அந்த ஆப் வீட்டில் இருக்கும் போனில் ஓடுகிறதா என்பதையும் கடையிலேயே சோதித்துவிட வேண்டும். கார்டிலிருந்து படத்தை எடுப்பது கஷ்டமாக இருந்தால் மூன்றாவது வாரமே கேமரா ஓய்வு பெற்றுவிடும். கார்டைக் கிடங்காகப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு இடங்களில் நகல் வைத்து, வருடத்துக்கு ஐம்பது படமாவது பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் வைக்கலாம்.

கடைக்குப் போகும்போது சொந்தமாக ஒரு எஸ்டி கார்டைக் கையில் கொண்டுபோகலாம். மனதில் இருக்கும் இரண்டு மாடல்களையும் எடுத்துக் காட்டச் சொல்லி, அந்தக் கார்டைப் போட்டு, கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் கையை ஆட்டிக்கொண்டு பேசும் ஒருவரை எடுக்க வேண்டும். பிறகு வாசலுக்கு வந்து வெயிலில் எதிர்த்த கடை போர்டை முழு சூமில் எடுக்க வேண்டும். கடைசியாக ஒரு வெள்ளைச் சுவர். யாரிடமும் கேட்காமல் அந்தக் கூட்டல் பட்டனைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றைக்கே பில் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து கார்டைக் கம்ப்யூட்டரிலோ டிவியிலோ போட்டு, எந்தக் கேமராவில் சுவர் வெள்ளையாக வந்திருக்கிறது, எதில் ஆட்டிய கை கையாகத் தெரிகிறது என்று பார்த்துவிட்டு, மறுநாள் போய் அதை வாங்கலாம்.